சைக்கிள் படமும் நம்ம மிளகு ஏணியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் ஆடலூர்க்காரி. பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, தோட்ட வேலை, குழு நோட்டு எழுதுறது, இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. போன வருசம் லேபிள் பயிற்சிக்குப் போயிட்டு வந்தேன் என்பதால், அதைப் பற்றிப் பத்து நிமிசம் பேசச் சொல்லியிருக்காங்க. நான் எடுத்துக்கிட்ட தலைப்பு சைக்கிள் படம்.

சிரிக்கிறீங்க. சிரிப்பு வரத்தான் செய்யும். நம்ம மலையில சைக்கிள் ஓட்டினால் ஏத்தத்துல நாம அதைத் தள்ளணும், இறக்கத்துல அது நம்மைத் தள்ளும். ஆனாலும் சைக்கிள் படத்தைப் பார்க்காத ஆள் இந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் இல்லை. இன்னைக்குக் காலையில சாமி கும்பிட்டுட்டு வந்தவங்க பாதிப்பேர் அந்தப் படத்தைக் கையால தொட்டிருப்பீங்க. சைக்கிள் பிராண்ட் ஊதுபத்தியைத்தான் சொல்றேன்.

அந்த ஊதுபத்தி 1948-ல் மைசூரில் ரங்கராவ் என்பவர் ஆரம்பிச்சது. ஊதுபத்திக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் தமிழ்க்காரர், கன்னடக்காரர், இந்திக்காரர் எல்லாரும் அதைச் சைக்கிள் என்றுதான் சொல்றாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஆத்தாவும் கடையில போய், "சைக்கிள் பத்தி ஒண்ணு குடுப்பா" என்று கேட்டு வாங்கிடும். ஒரு நல்ல படம் செய்யற வேலை அதுதான். படிக்கத் தெரியாதவங்களுக்கும் அது கதவைத் திறந்து விடுது.

தேர்தல் சின்னமும் அப்படித்தானே வந்தது? நாட்டில் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தபோது ஓட்டுப்போட்ட சனங்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால்தான் சின்னம். 1996 தேர்தலில் தமிழ் மாநில காங்கிரசுக்குச் சைக்கிள் சின்னம். நம்மில் பலர் அப்போ சின்னப் பிள்ளைகள். சுவரெல்லாம் சைக்கிள். நான் கட்சி பேச வரலை. ரெண்டு வட்டம் போட்டு, நடுவில நாலு கோடு இழுத்து, மேல ஒரு கைப்பிடி வளைச்சுவிட்டால் அது சைக்கிள் ஆயிடும். சுண்ணாம்புச் சுவரில் வரையலாம், கரித்துண்டால வரையலாம், பிள்ளைகள் மண்ணில் குச்சியால வரையலாம். எதுல வரைஞ்சாலும் அது என்னன்னு தெரிஞ்சிடும். இதை மனசுல வச்சுக்கோங்க. கடைசியில் லேபிளுக்கு வரும்போது வேணும்.

படம் வரைஞ்சவங்களைத் தவிர, சைக்கிளையே படமாக்கினவங்களும் இருக்காங்க. கீழே வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கம் வாடகை சைக்கிள் கடைகள் இருந்த காலம் பெரியம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்சக்கர மட்கார்டில் கடைப் பேரும் நம்பரும் பெயிண்டில் எழுதியிருக்கும். செயின் கவரில் "முருகன் துணை". சக்கரக் கம்பியில் கலர் கலராகப் பாசி. கைப்பிடி நுனியில் தொங்குற பிளாஸ்டிக் குஞ்சம். ஆயுத பூசைக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், வாழைக்கன்று. அதெல்லாம் கலைதான். ஆனால் அதில் அண்ணன்மார் பேரும் சாமி பேரும் இருக்குமே தவிர, ஒரு பொம்பளை பேரு பார்க்கிறது அபூர்வம்.

பொம்பளைப் பிள்ளைகள் சைக்கிளில் கை வச்சது பின்னாடிதான். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சாங்க. சில வருசம் கழிச்சு அது மத்தப் பிள்ளைகளுக்கும் வந்தது. நான் பத்தாவதோட நின்னுட்டேன், சைக்கிள் பிளஸ் ஒன்னுக்கு. அதனால எனக்கு வரலை. செம்பட்டி பக்கம் இருக்கிற என் சின்னம்மா பொண்ணுக்கு வந்தது. பள்ளிக்கூட ஸ்டாண்டில் நூறு சைக்கிள் நின்னால் நூறும் ஒரே நிறம், ஒரே மாதிரி. தன்னோடது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தப் பிள்ளைகள் நெயில் பாலிஷை எடுத்து மட்கார்டில் பேரெழுதிக்கிச்சு. பூ வரைஞ்சுக்கிச்சு. ஒருத்தி கைப்பிடியில் ரிப்பன் கட்டினாள், ஒருத்தி கூடையில் கம்பளி நூல் பின்னினாள். எந்த ஓவியரும் சொல்லித் தரலை. இது என்னோடது என்று சொல்ல வேண்டிய தேவை வந்ததும் கை தானா வரைஞ்சிடுச்சு.

இப்போ கொஞ்சம் வெளிநாட்டுக்கும் போயிட்டு வருவோம். பயிற்சியில் எங்களுக்குப் பழைய சைக்கிள் விளம்பரப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாங்க. நூத்து இருபது, நூத்து முப்பது வருசத்துக்கு முந்தினது.

அதுக்கு முன்னாடி சைக்கிளில் முன்சக்கரம் ஆள் உயரம் இருக்குமாம். விழுந்தால் பல்லு போயிடும். 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி வச்சு, செயின் போட்ட ரோவர் சைக்கிளைக் கொண்டு வந்தார். 1888-ல் டன்லப் காத்தடிக்கிற டயர் கொண்டு வந்தார். அப்புறம் பெண்களும் ஏறலாம் என்று ஆச்சு. அதே சமயத்தில் கலரில் பெரிய போஸ்டர் அச்சடிக்கிற வசதியும் பாரிஸ் பட்டணத்தில் வளர்ந்தது. சைக்கிள் கம்பெனிகள் பெரிய பெரிய ஓவியர்களைப் பிடிச்சுப் படம் போடச் சொன்னாங்க.

துலூஸ் லோத்ரெக் என்று ஒரு ஓவியர். 1896-ல் சைக்கிள் செயினுக்காக ஒரு போஸ்டர் வரைஞ்சார். அதுக்கு முன்னாடி அவர் வரைஞ்ச ஒரு படத்தில் சைக்கிளோட பாகம் சரியா வரலைன்னு கம்பெனிக்காரர் வேண்டாம்னு தள்ளிட்டாராம். எவ்வளவு பெரிய ஓவியராக இருந்தாலும், தினம் அந்தப் பொருளோட புழங்குறவன் கண்ணை ஏமாத்த முடியாது.

அல்போன்ஸ் மூக்கா என்று இன்னொருத்தர். 1902-ல் பர்ஃபெக்டா என்ற சைக்கிளுக்குப் படம் போட்டார். ரொம்ப அழகான படம். ஒரு பொண்ணு கைப்பிடி மேல சாஞ்சு நிக்கிறாள். தலைமுடி காத்துல கொடி மாதிரி அலை அலையாப் பறக்குது. நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அப்புறம்தான் ஒண்ணு தோணுச்சு. சைக்கிள் எங்கே? கைப்பிடி கொஞ்சம் தெரியுது, அவ்வளவுதான். அவள் மிதிக்கவே இல்லை. அவ்வளவு நீளமா முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு மிதிச்சால் சக்கரத்தில் மாட்டிக்கும் என்று நம்ம வீட்டுக் குட்டிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பொண்ணு சைக்கிள் ஓட்டுறதுக்காக அங்கே இல்லை, சைக்கிள் விக்கிறதுக்காக இருக்காள்.

ஆனால் அதே காலத்தில் நிஜமா ஓட்டினவளும் இருந்தாள். அமெரிக்காவில் ஆனி என்று ஒரு பெண், மூணு பிள்ளைக்குத் தாய். 1894-ல் பாஸ்டன் நகரத்திலிருந்து சைக்கிளோட உலகம் சுத்தக் கிளம்பினாள், 1895-ல் திரும்பி வந்தாள். கையில் காசில்லை. லண்டன்டெரி என்ற தண்ணிக் கம்பெனியிடம் நூறு டாலர் வாங்கிக்கிட்டு, அவங்க போர்டைச் சைக்கிளில் மாட்டிக்கிட்டாள். தன் பேரையும் ஆனி லண்டன்டெரி என்று வச்சுக்கிட்டாள். போகிற வழியில் மத்தக் கடைக்காரர்கள் விளம்பரத்தையும் உடுப்பில் குத்திக்கிட்டுக் காசு வாங்கினாள். மூக்கா படத்துப் பொண்ணும் விளம்பரம், இவளும் விளம்பரம். ஆனால் இவள் விளம்பரத்தில் வந்த காசு இவள் பையில் விழுந்தது, சைக்கிளையும் இவளேதான் ஓட்டினாள். இந்த வித்தியாசத்தைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன்.

நம்ம தமிழ்நாட்டுக் கதை இதைவிடப் பெருசு. புதுக்கோட்டையில் 1991-ல் அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சது. அப்போ ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறதோட சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாங்க. கல்குவாரியில் கல் உடைச்ச பெண்கள், அங்கன்வாடி ஆசிரியைகள், கிராமத்துச் செவிலியர்கள் என்று எல்லாரும் கத்துக்கிட்டாங்க. ஒரு லட்சத்துக்கும் மேலே பெண்கள் ஓட்டக் கத்துக்கிட்டதாக, நேரில் போய்ப் பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் சைக்கிளுக்காகவே ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு ஊர் ஊராகப் போச்சு.

லேடீஸ் சைக்கிள் அத்தனை பேருக்குக் கிடைக்கலை. அதனால கம்பி வச்ச ஆம்பளை சைக்கிளையே எடுத்து ஓட்டினாங்க. அப்புறம் அதுதான் வசதி என்று சொல்லிட்டாங்க. ஏன்? முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால தண்ணிக் குடத்தைக் கட்டலாம். சேலை கட்டின ஒரு பொம்பளை, முன்னால பிள்ளை, பின்னால குடம், ஆம்பளை சைக்கிள். அந்தக் காட்சியைக் கொஞ்சம் மனசுல வரைஞ்சு பாருங்க. அது எந்தக் கம்பெனிக்காரனும் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் இல்லை. முதலில் ரோட்டில் நடந்தது, அப்புறம் படமாச்சு.

சும்மா நடந்துடலை. கேலி பேசினாங்க, அசிங்கமாகவும் பேசினாங்க. அப்போ அங்கே மூணு விசயம் கூடவே நின்னது. ஓட்டுறதுக்குச் சைக்கிள் கிடைச்சது. வாங்குறதுக்கு வங்கிக் கடன் ஏற்பாடு ஆச்சு. ஒருத்தியாகப் போகாமல் கூட்டமாகப் போனாங்க. பாட்டும் படமும் தைரியம் கொடுத்தது. ஆனால் பாட்டைக் கேட்டுட்டு வெளியே வந்தவள் கையில் பிடிக்க ஒரு சைக்கிளும் இருந்தது.

இப்போ நம்ம மலைக்கு வருவோம்.

எங்க குழு போன வருசம் காபித்தூளைப் பாக்கெட் போட்டு விற்பனைக் கண்காட்சிக்குக் கொண்டு போச்சு. லேபிளை வெளியே ஒரு இடத்தில் அடிச்சு வாங்கினோம். அவங்க கம்ப்யூட்டரில் ரெடியா இருந்த ஒரு படத்தைப் போட்டு, பாக்கெட்டில் ஒட்டியே கொடுத்துட்டாங்க. பார்த்தால், சிவப்பா ஒரு பொண்ணு, முதுகில் கூடை, கூடையில் கொழுந்து. தேயிலை பறிக்கிற பொண்ணு! கண்காட்சியில் ஒருத்தர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "ஏம்மா, இது டீத்தூளா காபித்தூளா?" என்று கேட்டார். காபித்தூள் என்று சொன்னதும், "அப்போ வேற எங்கேயோ வாங்கி நீங்க பாக்கெட் போடுறீங்க" என்று வச்சிட்டுப் போயிட்டார். நம்ம தோட்டத்துப் பழம், நாம காய வச்சு, நாம வறுத்து, நாம அரைச்சது. படம் ஒண்ணு பொய் சொன்னதால நாம சொன்ன உண்மை எடுபடலை.

காபி பறிக்கிற பொம்பளை எப்படி இருப்பாள் என்று நமக்குத் தெரியும். சேலைக்கு மேல வீட்டுக்காரர் பழைய சட்டை. தலையில் துண்டு. இடுப்பில் கட்டின சாக்குப் பை. கையெல்லாம் கறை. அந்தக் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. தெரிஞ்சவங்க நாமதான்.

அதனால, எல்லாக் குழுவுக்கும் பொதுவா ஒரு லேபிள் போடுறதா கூட்டமைப்பு முடிவு செய்யப் போகுதே, அதுக்கு நான் நாலு விசயம் சொல்றேன்.

ஒண்ணு, படம் ஊதுபத்திச் சைக்கிள் மாதிரி, பேரு படிக்கத் தெரியாதவங்க கண்ணுக்கும் பிடிபடணும்.

ரெண்டு, சுவரில் வரைஞ்ச சைக்கிள் மாதிரி கொஞ்சம் கோட்டில் முடியணும். ஒரே நிறத்தில் அச்சடிக்கிற மாதிரி இருந்தால் செலவு குறையும். அதையே ரப்பர் ஸ்டாம்பு செஞ்சு துணிப்பையில் குத்திக்கலாம், கட்டிடச் சுவரிலும் வரைஞ்சுக்கலாம். எடை, விலை, பாக்கெட் போட்ட தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் எழுதவும் இடம் மிஞ்சும்.

மூணு, லோத்ரெக் படத்தைத் திருப்பி அனுப்பினாரே, அந்தக் கம்பெனிக்காரர் மாதிரி நாம கறாரா இருக்கணும். காபி என்றால் காபிச் செடி, மிளகு என்றால் மிளகுக் கொடி. இலை மாறியிருந்தால் அச்சுக்கு விடக்கூடாது.

நாலு, படத்தில் இருக்கிற பொம்பளை வேலை செய்யணும். சும்மா சிரிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது.

என் மனசுல ஒரு படம் இருக்கு. மிளகு ஏணியில் ஏறின பொம்பளை. ஒத்தை மூங்கில் ஏணி, அது ஒரு நேர்கோடு. அதைச் சுத்தி ஏறுற கொடி, அது ஒரு வளைவு. நடுவில சட்டை போட்ட ஒரு பொம்பளை, தோளில் பை. பத்துக் கோட்டில் வரைஞ்சிடலாம்.

ஏணி என்றதும் அங்கே சிலபேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறீங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியும். மிளகு பறிப்பு என்றால் ஏணியில் ஏறுறது ஆம்பளை, கீழே நின்னு கொத்தைப் பொறுக்கி, உதிர்த்து, காய வைக்கிறது பொம்பளை. மேல ஏறினால் ஒரு கூலி, கீழே நின்னால் அதைவிடக் குறைஞ்ச கூலி. நம்ம சொந்தக் கொடியாகவே இருந்தாலும், தை, மாசியில் ஏணிக்கு ஆள் கிடைக்காமல் காத்துக் கிடக்கிறோம். அதுக்குள்ள பழுத்து உதிர்ந்து, பாதியைக் குருவி தின்னுட்டுப் போகுது. எங்க குழுவில் மூணுபேர் ரெண்டு வருசமா ஏறுறாங்க. முதல் வருசம் பேசாத பேச்சில்லை. சேலையோட ஏறுறதா என்றாங்க. சட்டையும் பேண்டும் போட்டு ஏறினால் அதுக்கும் பேசினாங்க. வெளிநாட்டில் பெண்கள் சைக்கிள் ஓட்ட வசதியா கால்சட்டை போட்டப்பவும் இதே பேச்சுத்தான் பேசினாங்களாம். ஊரு வேற, பேச்சு ஒண்ணுதான்.

புதுக்கோட்டைப் பெண்களுக்குச் சைக்கிள் எப்படியோ, நமக்கு ஏணி அப்படி. மலையில் சைக்கிள் ஓடாது. ஏணி ஏறும்.

ஆனால் ஒண்ணு சொல்லிடுறேன். லேபிளில் ஏணி ஏறுற பொம்பளையைப் போட்டுட்டு, தோட்டத்தில் அவளைக் கீழேயே நிக்க வச்சோம் என்றால், நாமளும் மூக்கா படம் போட்டவங்கதான். முடி பறக்கும், சக்கரம் சுத்தாது. அதனால லேபிளுக்கு ஒதுக்குற பணத்தோட சேர்த்து இன்னொரு கோரிக்கையும் வைக்கிறேன். ஏணி ஏறக் கத்துக்க விரும்புற குழுக்களுக்கு, குழுவுக்கு ரெண்டு நல்ல ஏணியும், இடுப்பில் கட்டுற பாதுகாப்புக் கயிறும் வாங்கச் சுழல் நிதியிலிருந்து கடன் கொடுக்கணும். விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் கயிறும் கேட்கிறேன், ஏறுறவங்களுக்கு விபத்துக் காப்பீடும் கேட்கிறேன். ஏறத் தெரிஞ்ச அந்த மூணுபேர் சொல்லிக் கொடுக்கத் தயார். முதலில் உயரம் குறைஞ்ச கொடியில் பழகலாம். வயசானவங்க, முடியாதவங்க ஏறவேண்டியதில்லை. ஏற முடிஞ்சவளை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

படத்துக்கு என் யோசனையைத்தான் எடுக்கணும் என்று இல்லை. பிக்காசோ என்ற பெரிய ஓவியர் 1942-ல் பழைய சைக்கிள் சீட்டையும் கைப்பிடியையும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தினார். சீட்டு முகமாச்சு, கைப்பிடி கொம்பாச்சு, காளைத் தலை வந்துடுச்சு. பழைய இரும்புக் கடையில் கிடக்கிற சாமான்தான். பார்க்கிற கண்ணுதான் வேணும். நம்ம கிட்டேயும் சாமானுக்குப் பஞ்சமில்லை. முறம் இருக்கு, உலர்த்துற படங்கு இருக்கு, வாழைத்தார் சுமக்கிற குதிரை இருக்கு, பலாக்கொட்டை இருக்கு. யாருக்கு எது தோணுதோ.

அதனால ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரே ஒரு படம் கொண்டு வாங்க. குழு நோட்டுக் கடைசிப் பக்கத்தில் பேனாவால வரைஞ்சால் போதும். கோலம் போடத் தெரிஞ்ச கைக்கு இது பெரிய காரியம் இல்லை. வரைஞ்சவங்க பேரு படத்துக்குக் கீழே இருக்கட்டும். எல்லாத்தையும் சுவரில் ஒட்டுவோம். எழுத்துத் தெரியாத நம்ம பெரியம்மாக்களை முதலில் கூப்பிட்டு, இது என்ன படம் என்று கேட்போம். அவங்க சட்டுன்னு எதைச் சொல்றாங்களோ, அதில் ஒண்ணைக் கைதூக்கித் தேர்ந்தெடுப்போம். ஏணிக் கடன் கோரிக்கையையும் அதே கூட்டத்தில் தீர்மானமா எடுத்துக்கணும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன். மிளகு இப்போ பிஞ்சு பிடிச்சிருக்கு. தை மாசத்துக்குள்ள ஏணி வந்தால்தான் இந்த வருசப் பறிப்புக்கு உதவும்.